கடல் விலகிக் கொடுத்த கிரவுண்டு

சிப்பித்துறைக்காரர்களிடம் போய் உங்க ஊர் புட்பால் கிரவுண்டு எங்கே என்று கேட்டால், அவர்கள் கையை நீட்டிக் கடலைக் காட்டுவார்கள், காட்டிவிட்டு, மணி நாலாகட்டும், அதுவரைக்கும் உக்காந்து ஒரு டீ குடியும் என்பார்கள். நம்மைக் கேலி பண்ணுகிறார்கள் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போன வெளியூர்க்காரர்கள் உண்டு, போகட்டும், அவர்களுக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்.

அந்த ஊருக்கு ஒருகாலத்தில் எல்லா ஊருக்கும் இருக்கிற மாதிரி கரையில்தான் கிரவுண்டு இருந்தது. கோயிலுக்குச் சொந்தமான இடம், நல்ல புல், இரண்டு பக்கமும் இரும்புக் கோல்போஸ்ட். பிறகு ஒரு ஆடி மாதத்தில் கடல் ஏறி வந்து முதலில் ஒரு மூலைக் கொடியைத் தின்றது, அடுத்த ஆடியில் பக்கக் கோட்டைத் தின்றது, அரசாங்கம் லாரி லாரியாகக் கல் கொண்டுவந்து போட்டது, அந்தக் கல்லையும் தின்றது, கடைசியில் இரண்டு கோல்போஸ்ட்டையும் நிற்க நிற்கவே விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அலையடித்துக்கொண்டு கிடந்தது. அன்றையிலிருந்து சிப்பித்துறைப் பையன்கள் கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் பந்து உதைத்துப் பழகினார்கள், அப்படிப் பழகினதாலோ என்னவோ, இரண்டு பேருக்கு நடுவில் பந்தைக் கொண்டுபோகிற வித்தையில் அவர்களை அடிக்க அந்தக் கரையில் ஆளே இல்லை.

அந்த டீமுக்கு கிளீட்டஸ் கேப்டன். ஸ்டாப்பர் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். நெடுநெடுவென்று ஆள், முப்பத்தாறு வயது, வலது முட்டியிலிருந்து எப்போதும் தைல வாசனை வரும். முட்டியைப் பார்த்த டாக்டர் இன்னும் ஒரே ஒரு சீசன் தாங்கும், அதுக்கு மேலே நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். கிளீட்டஸுக்கு வேறு ஆசை ஒன்றும் கிடையாது. வீடு வேண்டாம், புது வள்ளம் வேண்டாம், அந்த ஒரு சீசனை ஏ டிவிஷனில் விளையாட வேண்டும். பதினேழு வயதில் பி டிவிஷனில் இறங்கினவன், இன்னும் அங்கேயே கிடக்கிறான், அங்கேயே கிடந்து பூட்ஸைக் கழற்றிவிட்டால் தன் மனசு ஆறாது என்று அவன் பெண்டாட்டி வியாகுலத்திடம் சொல்லாத நாளில்லை. அவள் சொல்வாள், "ஒங்க மனசு ஆறலைன்னா நான் பூட்ஸைத் தூக்கி அடுப்புல வைக்கேன், அதாவது எரிஞ்சு ஆறும்." வாய்தான் அப்படி. முட்டிக்குத் தைலம் தேய்க்கிறவளும் அவள்தான்.

இப்போது தென்கரை லீக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொன்னால் எனக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். ஏ டிவிஷனில் எட்டு ஊர். பி டிவிஷனில் மிச்ச ஊரெல்லாம். கீழே முதலாவதாக வருகிறவன் மேலே போக வேண்டும், மேலே கடைசியாக வருகிறவன் கீழே இறங்க வேண்டும், இதுதான் முறை, பந்து உருண்டை என்கிற அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்த முறை. ஆனால் சிப்பித்துறை முதல்முறையாகக் கீழே முதலாவது வந்த வருஷம் பார்த்து, மேலே இருந்த எட்டு ஊரும் கூடிக் கையைத் தூக்கி ஒரு புதுச் சட்டம் போட்டார்கள்: ஏ டிவிஷனுக்கு வருகிற டீமுக்குச் சொந்த கிரவுண்டு இருக்க வேண்டும். அடேயப்பா, என்ன அக்கறை! கடல் தின்ற ஊருக்குக் கிரவுண்டு எங்கே இருக்கும்? அடுத்த வருஷமும் சிப்பித்துறைதான் முதலாவது, அதே பதில். மூன்றாவது வருஷமும் முதலாவது. மேலே மூன்று வருஷமும் கடைசியாக வந்தது பாறைத்துறை, பக்கத்து ஊர், அவர்கள் மூன்று வருஷமும் இறங்கவில்லை. பாறைத்துறை கேப்டன் ராயன் வேறு யாருமில்லை, வியாகுலத்தின் கூடப்பிறந்த அண்ணன். ஒரே வீட்டில் இரண்டு டிவிஷன் சண்டையும் நடந்தால் சோறு எப்படி இறங்கும், நீங்களே சொல்லுங்கள்.

லீக் செக்ரட்டரி ஐசக் தாசன், டவுனில் பல் டாக்டர். மூன்றாவது தடவை கிளீட்டஸ் போய் அவர் முன்னால் நின்றபோது, பல் பிடுங்கும்போது சொல்கிற அதே குரலில், "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, ஒண்ணும் ஆகாது, இந்தச் சட்டம் எல்லாருக்கும் பொதுதானே" என்றார். கிளீட்டஸ் பஸ் ஏறி ஊருக்கு வந்தான். வந்து, கடலைப் பார்த்து, ஊரறிய, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினான். நாசமாப் போவ, திருடின பொருள திருப்பித் தரமாட்டியா என்றெல்லாம் கேட்டான். கடலைத் திட்டக் கூடாது என்று தெரிந்தவர்கள்கூட அன்றைக்கு அவனைத் தடுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குக் கடல் எழுந்து நகர்ந்தது.

வற்றல் இல்லை, வற்றினால் கரை முழுக்க வற்றும். இது அப்படியில்லை. கரை ஓரத்தில், பழைய கிரவுண்டு எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்துக்கு மட்டும், தண்ணீர் பாயைச் சுருட்டுகிற மாதிரி தன்னைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கி, மூன்று பக்கமும் இரண்டாள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. நடுவில் ஈர மணல், அடித்துக் கெட்டித்த தரை மாதிரி. அதில் இரண்டு பக்கமும் சிப்பி அப்பிய இரும்புக் கோல்போஸ்ட் நின்றது, ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது, அது முன்பே சாய்ந்ததுதான். வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஆண்கள் வலையை வைத்துவிட்டு எழுந்தார்கள். மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த வியாகுலம் கூடையை இறக்கி வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தா பாருங்க, பெனால்டி பாக்ஸ்ல கணவா மீனு கிடக்கு, காக்கா கொத்துறதுக்கு முன்னால எடுங்க" என்றாள். ஊர் அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டது.

கடல் ஏன் விலகியது என்று அந்த ஊரில் ஒருத்தரும் மண்டையைப் போட்டு உடைக்கவில்லை, அவர்களுக்கு இருந்த தலைவலி வேறே. கிரவுண்டில் துள்ளிக் கிடக்கிற மீன் யாருக்கு என்பது முதல் தலைவலி. கோல் எல்லைக்குள் கிடப்பது கோல்கீப்பர் வீட்டுக்கு, நடு வட்டத்தில் கிடப்பது கோயிலுக்கு, மிச்சம் முதலில் குனிகிறவருக்கு என்று பங்குச்சாமியார் வந்து தீர்த்து வைத்தார், தீர்த்து வைத்த கையோடு நடு வட்டத்தைப் பெரிதாகப் போடச் சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு, நான் பார்க்கவில்லை. பந்து தண்ணீர்ச் சுவருக்குள் போய்விட்டால் யார் எடுப்பது என்பது அடுத்தது. போகவிட்டவன்தான் நீந்தி எடுக்க வேண்டும் என்று வைத்தார்கள், அதிலிருந்து பந்தை வெளியே அடிக்கிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். கரைப்பக்கம் ஊர் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தது, எதிர்ப்பக்கம் தண்ணீருக்குள் மத்தி மீன் கூட்டம் கூட்டமாக வந்து நின்று பார்த்தது. ஒரு முழு ஆட்டமும் இடைவேளையும் முடிகிற வரைக்கும் கடல் நிற்கும், பிறகு அவசரப்படாமல், செருப்பு குடையெல்லாம் எடுக்க நேரம் கொடுத்து, காலை நனைத்து நனைத்து ஆட்களை மேலேற்றிவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் ஊருக்கு இது பழகிவிட்டது. நாலு மணிக்குக் கடல் நகர்வதைப் பார்த்து அடுப்பில் உலை வைக்கிற பெண்கள்கூட இருந்தார்கள்.

கிளீட்டஸுக்கு மட்டும் பழகவில்லை. தினமும் முதல் ஆளாக இறங்கி, அந்தச் சிப்பி அப்பிய கோல்போஸ்ட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் ஆட வருவான். பிறகு டவுனுக்குப் போனான்.

"சார், கிரவுண்டு வந்துட்டு" என்றான்.

பல் டாக்டர் வந்தார், கூட இரண்டு கமிட்டிக்காரர்கள், ஒரு டேப்பு. பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்துக்கொண்டு இறங்கி நீளத்தை அளந்தார்கள், அகலத்தை அளந்தார்கள், சரியாக இருந்தது. பிறகு கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சுவருக்குள் ஒரு திருக்கை மீன் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். படித்த மனிதர்கள், ஆச்சரியப்பட்டால் அளவு தப்பிவிடும் என்று பயம்.

"கிரவுண்டு உங்க சொந்தமா இருக்கணும்" என்றார் ஐசக் தாசன். "இது கடல்லா?"

"எங்க நிலந்தான் சார். கடலு ஆக்கிரமிச்சிருந்துது. இப்ப ஆக்கிரமிப்ப காலி பண்ணிட்டு."

கரையில் ஊரே கொல்லென்று சிரித்தது. செக்ரட்டரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, நல்ல மனுஷன்தான், எட்டு ஊரும் சேர்ந்து உட்காரவைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அவர் அன்றைக்குப் போகும்போது இரண்டு காரியம் சொல்லிவிட்டுப் போனார். ஒன்று, கிரவுண்டைச் சுற்றி வேலி வேண்டும், சொந்தம் என்பதற்கு அடையாளம். இரண்டு, மேலே கடைசியாக வந்த பாறைத்துறையோடு இதே கிரவுண்டில் ஒரு ஆட்டம் ஆட வேண்டும், ஜெயிக்கிறவன் ஏ டிவிஷன். மூன்று வருஷம் ஜெயித்தவனை நாலாவதாக ஒரு தடவை ஜெயித்துக் காட்டு என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? ஆனால் கிளீட்டஸ் சரி என்றான். கையில் அகப்பட்டதை விட அவனுக்கு மனசில்லை.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் வியாகுலம் குழம்பை ஊற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க தோத்தா ஒங்க மொகத்த பாக்க முடியாது. அண்ணன் தோத்தா எங்கம்மா வீட்டுப் படி ஏற முடியாது. நான் எங்க போக?"

"கோயிலுக்குப் போ."

"போயி என்னான்னு வேண்ட? ரெண்டு பேரும் செயிக்கணும்னா?" என்றவள் பிறகு, "செயிச்சிட்டு வாங்க. எங்கண்ணன நான் சமாளிச்சிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

ஆட்டத்துக்கு மூன்று நாளைக்கு முன்னால் ராயன் தானாக வந்தான். தங்கச்சி வீட்டுக்கு வருகிறவன் கையில் ஒன்றுமில்லாமல் வந்தான், அதிலேயே கிளீட்டஸுக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ இருக்கிறதென்று. இருவரும் வள்ளத்து நிழலில் உட்கார்ந்தார்கள்.

"மாப்ள, ஒங்கிட்ட மறைக்க மாட்டேன். எங்க கிரவுண்டு பாதிதான் இருக்கு. போன ஐப்பசில ஒரு கோல்போஸ்ட்டு போச்சு. இந்த மழைக்கு மத்ததும் போயிரும்."

கிளீட்டஸ் அவனையே பார்த்தான். "கமிட்டி அளக்கலியா மச்சான்?"

"மேல இருக்கவன எவம்லே அளக்கான்? ஏறி வாறவனத்தானே டேப்ப போட்டு அளக்கானுவ. நாங்க கீழ இறங்குனோம்னா, பொறவு சட்டப்படி ஏறவே முடியாது பாத்துக்கோ. கிரவுண்டு இல்லாத ஊராயிருவோம். ஒங்கள மாதிரி. நீ இத வெளிய சொன்னா ஆட்டமே ஆட வேண்டாம், நீ செயிச்ச மாதிரிதான். சொல்லாதன்னு கேக்க எனக்கு மொகமில்ல. அந்தச் சட்டத்துக்கு நானும் கை தூக்குனவந்தான்."

கிளீட்டஸுக்கு ஒரு சந்தோஷம் எழும்பியது, பொய் சொல்வானேன், எழும்பத்தான் செய்தது. ஒரு வார்த்தை போதும். ஒரு போன். பத்தொன்பது வருஷம். ஆனால் ராயன் முகத்தில் தன் முகமே இருப்பதைப் பார்த்தான், மூன்று வருஷம் பஸ்ஸில் திரும்பி வந்த முகம். "எழும்பு மச்சான், சாயங்கால நேரம், ஒந் தங்கச்சி மீன் பொரிச்சிருக்கா" என்று மட்டும் சொன்னான். யாரிடமும் சொல்லவில்லை, வியாகுலத்திடம்கூட.

மறுநாள் ஊர் கூடி வேலி போட்டது, இந்தக் காரியத்தில்தான் ஊரே சேர்ந்து மடத்தனம் பண்ணியது. கம்பிவேலிக்கு எங்கே போவது? கடற்கரைக்காரன் வீட்டில் கைக்கு அகப்படுவது வலை. கடல் விலகி நின்ற நேரத்தில் தண்ணீர்ச் சுவரை ஒட்டி மூங்கில் நட்டு மூன்று பக்கமும் வலையை இழுத்துக் கட்டினார்கள். பார்க்க அத்தனை அழகு, சர்வதேச ஸ்டேடியம் மாதிரி இருக்கிறதென்று கோல்கீப்பர் சொன்னான். அன்றைய ஆட்டம் முடிந்து கடல் திரும்பி வந்தது, வலை அப்படியே நின்றது, காலையில் போய்ப் பார்த்தால் வலை கொள்ளாமல் மீன், நெய்மீனும் வாவலும் பாரையும், ஊர் பார்த்து வருஷக்கணக்கான மீனெல்லாம். விற்றார்கள், பொரித்தார்கள், சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பினார்கள், வேலிக்கு வேலியுமாச்சு மீனுக்கு மீனுமாச்சு என்று ஒருவரை ஒருவர் முதுகில் தட்டிக்கொண்டார்கள்.

அன்றைக்கு நாலு மணிக்குக் கடல் நகரவில்லை.

ஐந்து மணி ஆனது. ஆறு ஆனது. அலை வந்து வந்து போனது, அவ்வளவுதான். மறுநாள் ஆட்டம். கிளீட்டஸ் கரையில் நின்று இந்தத் தடவை திட்டவில்லை, கெஞ்சினான். ஒன்றும் நடக்கவில்லை.

ஆட்ட நாளில் இரண்டு ஊரும் கரையில் கூடிவிட்டன. மேலே உள்ள மற்ற ஏழு ஊர்க் கேப்டன்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள், கடல் விலகுவதைப் பார்க்காதவர்கள் அவர்கள்தான் மிச்சம். கடலை, கடலை என்று கூவிக் கடலை விற்றவன் ஒருத்தன்தான் அன்றைக்கு நிம்மதியாக இருந்தான். செக்ரட்டரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார்.

"நாலரை வரைக்கும் பாக்கலாம் கிளீட்டஸ். அதுக்கு மேல கிரவுண்டு இல்லைன்னா, சட்டப்படி பாறைத்துறை ஜெயிச்சதாத்தான் ஆவும்."

கிளீட்டஸ் தண்ணீரின் விளிம்பில் ஜெர்சியோடு நின்றான். முட்டி வலித்தது. அலைக்கு மேலே மூங்கில் முனைகள் தெரிந்தன, வலை நனைந்து தொங்கியது, உள்ளே மீன் துள்ளுவது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவனுக்குத் திடீரென்று காது சூடேறியது. கரமடி இழுக்கிற ஊரில் பிறந்தவன் அவன். கரையிலிருந்து பெரிய வலையை வளைத்துப் போட்டு ஊர்கூடி இழுக்கிற அந்த மடிக்கு, எந்தக் கரையிலும் ஒருத்தனுக்கு மட்டும் இடம் சொந்தமென்று கிடையாது. இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை, நாளை மறுநாள் அவன் முறை, அடுத்தவன் முறையில் வலை வைத்தால் மீன் குவிந்தாலும் அந்த மீனைத் தொடக் கூடாது. சின்னப் பிள்ளைக்குத் தெரியும் இது. நாங்கள் என்ன செய்தோம்? கடல் கொடுத்த இடத்தைக் கடலுக்குள்ளேயே மூன்று பக்கமும் வலைகட்டி எங்களுடையது என்று வைத்துக்கொண்டோம், வைத்துக்கொண்டு மீனையும் தின்றோம்.

பக்கத்து வள்ளத்தில் கிடந்த கத்தியை எடுத்துக்கொண்டு கிளீட்டஸ் கடலுக்குள் பாய்ந்தான். "எலேய், வலை புதுசுலே!" என்று கரையிலிருந்து கூச்சல் எழும்பியது, அவன் காதில் வாங்கவில்லை, ஒவ்வொரு மூங்கிலாகப் போய்க் கட்டை அறுத்தான், மீனெல்லாம் பளபளவென்று அவனைச் சுற்றி விலகிப் போயின. சொட்டச் சொட்ட ஏறி வந்து செக்ரட்டரி முன்னால் நின்றான்.

"சார், இது எங்க கிரவுண்டு இல்ல."

"என்னப்பா சொல்லுத?"

"கடலோட கிரவுண்டு. எங்களுக்கு இதுல ஒரு முறை இருக்கு, அவ்வளவுதான். கரமடிக்கு முறை வச்ச மாதிரி. நாளைக்குப் பாறைத்துறைக்காரன் வந்து நின்னா அவன் முறை, அதுக்கு மறுநாள் எவனுக்கு கிரவுண்டு இல்லியோ அவன் முறை. ஒங்க சட்டப்படி இது சொந்த கிரவுண்டு கிடையாது. நாங்க பி டிவிஷன்லயே கிடந்துகிடுதோம். அத சொந்தம்னு மட்டும் இனிம சொல்ல மாட்டேன்." பத்தொன்பது வருஷ ஆசையைத் தன் வாயாலேயே கொன்றுவிட்டு நின்றான்.

சிப்பித்துறைக்காரர்களில் பாதிப்பேர் அவனை அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ராயன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "அப்படின்னா எங்கூர் கிரவுண்டையும் வந்து அளங்க சார். பாதிதான் இருக்கு. மூணு நாளா இவனுக்குத் தெரியும், ஒரு வார்த்த சொல்லல. அதே சட்டம் எங்களுக்கும் உண்டும்லா? மேல இருந்துக்கிட்டு இவன எத்தன வருஷம் தடுத்திருக்கேன், நானும் கை தூக்குனேன். இப்ப சொல்லுதேன், அந்தச் சட்டம் சட்டமே இல்ல."

செக்ரட்டரி மற்ற ஊர்க் கேப்டன்கள் பக்கம் திரும்பினார். ஒருவன் மெதுவாக, "எங்களது பள்ளிக்கூடத்து கிரவுண்டு சார், பரீட்சைன்னா கேட்ட பூட்டிருவாவ" என்றான். "எங்களது ஒரு முதலாளி தோப்பு, தேங்கா வெட்டுத அன்னிக்கு ஆட்டம் கிடையாது" என்றான் இன்னொருவன். லீக்கில் முதலிடத்தில் இருந்த குருசடித்துறைக் கேப்டன் தலையைச் சொறிந்துகொண்டு, "எங்களது திருவிழாக் கடை போடுத இடம், கோயிலுக்குச் சேர்ந்தது" என்றான். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, எட்டு ஊரில் ஒரு ஊருக்கும் சொந்த கிரவுண்டு கிடையாது என்று ஆகிவிட்டது. ஐசக் தாசன் எத்தனையோ வாயைத் திறந்து பார்த்தவர், அன்றைக்கு அவர் வாய்தான் திறந்து கிடந்தது.

"அப்ப இத்தன வருஷம் என்னத்துக்குய்யா இந்தச் சட்டம்?" என்று கேட்டார், கேட்டுவிட்டு அவரே வெட்கப்பட்டார். அந்த மணலில் நின்றபடியே கை தூக்கச் சொன்னார். முதல் கை ராயனுடையது. எட்டுக் கையும் ஏறின. சட்டம் போனது. அது போன பிறகு மிஞ்சினது பழைய முறைதான்: கீழே முதலாவது வந்தவன் மேலே, மேலே கடைசியாக வந்தவன் கீழே. அதற்கு ஆட்டமே தேவையில்லை. ராயன் தன் கையைத் தானே தூக்கித் தன் ஊரைக் கீழே இறக்கிவிட்டு நின்றான், பாறைத்துறைக்காரர்கள் அவனை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். வியாகுலம் கூட்டத்துக்குள் புகுந்து ஓடி வந்து, புருஷனைத் தாண்டிப் போய், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் ஏறி வா அண்ணே. இப்ப ஏறதுக்கு வழி இருக்கு" என்றாள்.

கிளீட்டஸ் வந்து மறு கையைப் பிடித்தான். மேலே போகிறோம் என்பதே அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை.

கடல் எப்போது நகர்ந்ததென்று யாரும் பார்க்கவில்லை. வலையை அறுத்ததாலா, ராயன் சொன்னதாலா, இல்லை அதற்கு வேறு சோலி இருந்து அன்றைக்குத் தாமதமாக வந்ததா, யாருக்குத் தெரியும், கேட்டால் சொல்கிற ஆளா கடல்? யாரோ கத்தின பிறகு திரும்பிப் பார்த்தார்கள், கிரவுண்டு கிடந்தது. வந்ததற்கு ஒரு ஆட்டம் ஆடாமல் போவானேன் என்று இரண்டு ஊரும் இறங்கி ஆடின. ஸ்கோரை என்னிடம் கேட்காதீர்கள், சிப்பித்துறையில் ஒன்று சொல்வார்கள், பாறைத்துறையில் ஒன்று சொல்வார்கள். பங்குச்சாமியார் அன்று நடு வட்டத்து மீனைப் பாறைத்துறைக் கோயிலுக்கும் கொடுத்தார் என்பது மட்டும் நிச்சயம்.

அந்த வருஷம் முறை வைத்தார்கள். ஒருநாள் சிப்பித்துறைக்கு, மறுநாள் பாறைத்துறைக்கு, பிறகு மழையில் கிரவுண்டைப் பறிகொடுத்த இன்னொரு ஊருக்கு. கடல் எந்த ஊருக்கும் ஒரு விரல்கடை கூட்டியும் கொடுக்கவில்லை, குறைத்தும் கொடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் முறை விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டார்கள், ஒரு சண்டையும் வரவில்லை என்று சொல்லமாட்டேன், வந்தது, வராமலிருந்தால் அது நம் கரையே இல்லை.

பிறகு ஏ டிவிஷனின் முதல் ஆட்டம் வந்தது. சிப்பித்துறையின் முறை, எதிரில் குருசடித்துறை, லீக்கிலேயே பெரிய டீம். வியாகுலம் முட்டியில் துணியை இறுக்கிக் கட்டிவிட்டாள். கிளீட்டஸ் ஈர மணலில் கால் வைத்தபோது கரையில் ஊரே எழுந்து நின்றது. குருசடித்துறைக்காரர்கள் பந்தைக் கால்விட்டுக் கால் மாற்றுகிற வேகத்தில் சிப்பித்துறைக்குக் கண்ணைக் கட்டியது, இடைவேளைக்கு முன்னால் இரண்டு கோல், பின்னால் இரண்டு கோல். நாலாவது கோலுக்கு கிளீட்டஸ் குறுக்கே பாய்ந்து விழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்தான், நொண்டிக்கொண்டே கடைசி வரைக்கும் ஆடினான்.

விசில் ஊதியதும் சிப்பித்துறை கரையிலிருந்து குதித்து இறங்கியது, பெண்களும் ஆண்களும் குழந்தைகளும், பட்டாசு வெடித்தார்கள், சாமியார் மணியடிக்க ஆள் அனுப்பினார், கிளீட்டஸைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள், அவன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டே சிரித்தான். நாலு கோல் போட்டு ஜெயித்த குருசடித்துறைக்காரர்கள் ஒன்றும் புரியாமல் நின்றார்கள், ஏதாவது தப்பு நடந்துவிட்டதோ என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர்கள் கேப்டன் கூட்டத்தை முட்டி மோதிக்கொண்டு தோள்மேல் இருந்த கிளீட்டஸிடம் வந்து, "அண்ணே, ஸ்கோரு என்ன?" என்று கேட்டான்.

கிளீட்டஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நாலு–சைபர். நீங்கதாம்லே செயிச்சிய. அடுத்த மாசம் ஒங்க ஊருக்கு ஆட வாறோம்."